அண்ணியின் கும்பிடு

அண்ணிக்குக் கும்பிடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். போன தடவை, பெரியப்பா மகனைக் கட்டிக்கொண்ட புதிதில், பிரான்சிலிருந்து ஒதியம்பட்டுக்கு வந்த அவர், பார்க்கிறவர் கன்னத்திலெல்லாம் கன்னம் வைத்து முத்தம் கொடுத்தார். அவர்கள் ஊர் வழக்கம் அது. கரும்புக் கொல்லையிலிருந்து அப்படியே வந்து நின்ற என் சித்தப்பா வெலவெலத்துப் போனார். தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்கு மானம் போனது. "இங்கே யாரையும் தொடாதீங்க. தள்ளி நின்னு கும்பிட்டா போதும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கறாராகச் சொன்னேன். அண்ணி பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தலையாட்டினார்.

சாவு வீட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நல்ல நாளில் அதை யார் பேசுவார்கள்?

இந்தத் தை மாதம் பெரியப்பா போய்விட்டார். அண்ணனும் அண்ணியும் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் துக்கம் கேட்பதே அப்படித்தான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண்ணானாலும் கட்டிப்பிடித்து அழுதாக வேண்டும்.

அண்ணி காரிலிருந்து இறங்கியதும் பெரியம்மா, "வந்துட்டியாம்மா, உங்க மாமா போயிட்டாரே" என்று இரண்டு கையையும் விரித்தார். ஓடி வந்த அண்ணி பாதியில் நின்று என்னைப் பார்த்தார். போகலாமா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணீர் வழிய, தள்ளி நின்றே கும்பிட்டார். பெரியம்மாவின் கைகள் இறங்கிவிட்டன.

"இன்னாடி இது, கல்லாட்டம் நிக்கிறா?" என்றாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள்.

"வெள்ளக்காரிக்கு நம்ம துக்கம் இன்னா தெரியும், வுடு" என்றாள் இன்னொருத்தி.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுந்துபோய் அண்ணியை இழுத்துவந்து பெரியம்மா மடியில் தள்ளியிருக்கலாம். மற்ற நாளில் ஊர் வாயையே அடக்குகிறவள் நான். அன்று பெரியம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதேன். பாவி, பழி என்மேல் திரும்பிவிடுமோ என்று பயந்தேன்.

காரியம் முடிந்து அவர்கள் கிளம்பிய அன்று, "எம் மருமவளுக்கு எம்மேல ஒட்டுதலே இல்லடி" என்று பெரியம்மா என்னிடமே சொல்லி மூக்கைச் சிந்தினார். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

மனசு கேட்காமல் காரருகே போய், அண்ணியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தேன். அவர் லேசாகச் சிரித்தார். ஓரடி பின்னால் நகர்ந்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கும்பிட்டார்.