வெள்ளச்சி ஏன் கடித்தது

வெள்ளச்சியின் வால் புடைத்து நின்றதைப் பார்த்தும் நான்தான் கையை நீட்டினேன். அடுத்த கணம் அது என் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு, பின்னங்கால் நகங்களால் முழங்கை வரை கிழித்துவிட்டது. மாமியார் ஏழு வருடமாக வளர்த்த பூனை. அதுவரை யாரையும் கீறியதில்லை.

ஐம்பதுகளில் ஓர் ஆடி மாதம். இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். ஐந்து மாதக் கர்ப்பம். இடையில் ரத்தம் பட்டதால் கொழுந்து எடுக்கப் போகக்கூடாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கணவரும் மாமியாரும் விடியலில் வேலைக்குப் போய்விட்டால், மழைக்குச் சாத்திய கதவுக்குள், காம்பிரா என்று நாங்கள் சொல்லும் அந்த ஒற்றை லயத்து அறையில் நானும் பூனையும்தான். என் தாய்வீடு எங்கோ உடப்புசல்லாவையில். பேச ஆளில்லாமல், கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்கு வந்த ஒரு கடுவன் பூனைக்குக் கருவாட்டுத் தலை போட்டுப் பழக்கியிருந்தேன். கருவாட்டை எண்ணி வைக்கும் மாமியாரிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அன்றும் கடுவன் வந்திருந்தது. உள்ளே வெள்ளச்சி சீறிக்கொண்டிருந்தது. அதைச் சமாதானப்படுத்தத்தான் தடவப் போனேன்.

"வெறி புடிச்சிருச்சும்மா. வயித்துப் புள்ளக்காரிய கடிச்சிருக்கு," என்றார் கணவர்.

"பத்து நாள் கட்டிப்போட்டுப் பாக்கத்தானப்பா சொன்னாங்க ஆஸ்பத்திரியில?" என்று மாமியார் கெஞ்சினார். கணவர் கேட்கவில்லை. பூனையைச் சாக்கில் கட்டி, மலைக்கு அந்தப் பக்கம் விடத் தூக்கிப்போனார். சாக்குக்குள்ளிருந்து அது கத்தியது. கடுவன் வந்ததைச் சொல்லாமலே நான் கதவைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டிலிருந்தபோது கடுவன் வந்து, கம்பியில் காலை வைத்து உரிமையோடு கத்தியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா போடுற?"

"ரெண்டு மாசமா, அத்தே. அன்னிக்கும் அது வந்துச்சு."

அவர் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். "வெள்ளச்சி அத அடிக்கப் பாஞ்சிருக்கு. கம்பி தடுத்திருச்சு. கோவத்துல கிட்ட நின்ன ஒன்னய புடிச்சிருச்சு. கொஞ்ச நேரம் தனியா விட்டிருந்தா அடங்கியிருக்கும்." பிறகு மெல்ல, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

மகனிடம் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லவில்லை. வேலை விட்டதும் மலைக்கு அந்தப் பக்கம் போய், நனைந்து, வெறுங்கையோடு திரும்புவார். மகன் கேட்டால் விறகு பார்க்கப் போனதாகச் சொல்வார். அந்த மாதம் முழுக்கத் தேடினார். வெள்ளச்சி கிடைக்கவில்லை. இறக்கும் வரை அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை.

இப்போது ஹட்டனில் மகள் வீட்டில் இருக்கிறோம். வெறிபிடித்த பூனையிடமிருந்து என்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றிய கதையை, பேரப்பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டு, "என்ன, நான் சொல்றது சரிதானே?" என்று என் பக்கம் திரும்புவார்.

நான் தலையாட்டுவேன்.