பதினேழு தவளைகளின் வாசலில்

“ஷூவைக் கழட்டுங்க. இந்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கிட்டு மருந்துத் தண்ணில நில்லுங்க. அறுபது வரைக்கும் எண்ணுங்க. மனசுக்குள்ள! அதுங்க பயந்துக்கும்.”

ஆராய்ச்சி நிலையத்துத் தவளை அறை வாசலில், ஸ்டூலை விட்டு எழாமலே இதைச் சொல்வார் தவளையக்கா. பேராசிரியரோ குழாய் ரிப்பேர்காரரோ, யாராயிருந்தாலும் அறுபதுதான்.

உள்ளே இருப்பவை நகமளவு மஞ்சள் தவளைகள். ஒரே ஓர் ஓடையில் வாழ்ந்தவை. தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து ஓடையில் இறங்கியது. பாதித் தண்ணீரைப் பாசனக் குழாய் உறிஞ்சியது. மிஞ்சிய தவளைகளை, செருப்புச் சேற்றில் ஒட்டி வந்த ஒரு பூஞ்சை தின்று தீர்த்தது. இன்று உலகத்திலேயே பதினேழு. மூன்று வருடமாக முட்டை இல்லை.

தவளைத் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அக்கா கையில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவுவதில்லை. தவளைத் தீனிக்காக வீட்டில் பழ ஈ வளர்க்கிறார். “வாழைப்பழம் வாங்கறது நான், சாப்பிடறது ஈ!” என்பார் தையற்காரரான அவர் கணவர்.

போன மாதம் புது இயக்குநர் புகைப்படக்காரரோடு வந்தார். வாசலில் அக்கா கையை நீட்டி மறித்தார்.

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியுதுங்க. உங்க ஷூ எங்கெல்லாம் போயிட்டு வந்துச்சுன்னுதான் தெரியல.”

ஷூ கழன்றது. காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. புகைப்படக்காரர் அதையும் எடுத்துவிட்டார். மறுநாள் விளக்கம் கேட்டு அக்காவுக்குக் கடிதம் வந்தது. ‘ஐயா மேல் கோபம் இல்லை. பூஞ்சைக்கு ஐயாவைத் தெரியாது’ என்று பதில் எழுதினார். பறவைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. “கிளிகிட்ட எனக்கென்ன வேலை? அது திருப்பிப் பேசும்” என்று சிரித்தார். அன்று மதியம் மட்டும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

திங்கள்கிழமை காலை இயக்குநர் தனியாக வந்தார். யாரும் சொல்லாமலே பூட்ஸ் போட்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டு நின்றார். அறுபது முடிந்ததும் மெல்ல உள்ளே வந்தார். கண்ணாடித் தொட்டியின் முன் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். இலையின் அடியில் கடுகைப் போல முப்பது முட்டைகள். பக்கத்தில் ஆண் தவளை டிக் டிக்கென்று விடாமல் கூவியது.

இயக்குநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க இங்கேயே இருங்கம்மா” என்றார்.

அக்கா செல்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தார்.

“ஏங்க, கேக்குதா?”

“டிக் டிக்னு என்னமோ... கடிகாரம் வாங்கினியா?”

செல்பேசியை இன்னும் கொஞ்சம் தொட்டியருகே நீட்டினார் அக்கா.