பூஜ்யம் என்று எழுதிய ஊர்

ஊர்க்கூடத்து வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை கிளெனிஸ் ப்ரோபர்ட் மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது ஒரே பொய்யைத்தான் சொன்னது. ‘ஹாலோபரி கிராமம். கடந்த பன்னிரண்டு மாதங்களில் பதிவான குற்றங்கள்: பூஜ்யம். மாவட்டத்திலேயே மிகவும் பாதுகாப்பான கிராமம் என்ற விருதை வியாழன் மாலை ஆறு மணிக்கு போலீஸ் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வழங்குவார். தேநீரும் கேக்கும் உண்டு.’

அவள் கையில் நாய் கட்டும் வார் இருந்தது. வார் மட்டும்தான் இருந்தது. நான்கு நாளாக அதைக் கையில் சுற்றிக்கொண்டு சந்து சந்தாக, வேலி வேலியாகக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“பூஜ்யமாம்! அப்ப என் டெஸ் என்ன காத்துல கரைஞ்சு போச்சா?” என்று அறிவிப்பைப் பார்த்தே கேட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்வதில் ஹாலோபரிக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

டெஸ் கொஞ்சி வளர்க்கும் நாய் அல்ல. கறுப்பும் வெள்ளையுமான ஐந்து வயது ஆட்டு நாய். கிளெனிஸின் கணவன் ரே இறந்துபோன பிறகு, மேட்டு நிலத்தில் மேயும் நாற்பது பெண்ணாடுகளும் அந்த ஒரு நாயை நம்பித்தான் இருந்தன. ஒரு சீழ்க்கை அடித்தால் போதும், நாற்பதையும் பட்டிக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். இன்னும் மூன்று வாரத்தில் ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிடும். அறுபத்தாறு வயதில், ஒரு முழங்கால் பழுதாகிப்போன மனுஷி, நாய் இல்லாமல் அந்த மேட்டில் எந்த ஆட்டைப் பிடிப்பாள்? விற்றுவிட வேண்டியதுதான். ஆடு போனால் நிலம் எதற்கு? நிலம் போனால் அவள் அங்கே எதற்கு? நான்கு நாளாக அவள் தூங்காததற்கு இதுதான் காரணம்.

சனிக்கிழமை பட்டப்பகலில் போனது அது. தேவாலயத்துப் பித்தளைச் சாமான்களைத் துடைக்கிற முறை அன்றைக்கு அவளுடையது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தால் முற்றம் காலி. கதவு ஒழுங்காகத் தாழ் போட்டபடி இருந்தது. கழுத்துப் பட்டை மட்டும் அறுபட்டு மண்ணில் கிடந்தது.

போலீசுக்குப் போன் செய்தாள். நாற்பத்தேழு நிமிடம் பியானோ இசை கேட்க வைத்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் குரல் வந்தது.

“ஹாலோபரியா? அங்க ஒரு வருஷமா ஒரு புகாரும் இல்லையேம்மா. நாய் எங்கயாவது ஓடிப் போயிருக்கும். காணாமப் போன பிராணின்னு எழுதிக்கறேன்.”

“ஓடிப் போச்சா? போறப்ப கத்தி எடுத்துக் கழுத்துப் பட்டையை அதுவே அறுத்துக்கிச்சா? வெளிய போய்க் கதவுக்குத் தாழும் போட்டுச்சா?”

“அம்மா, கோவப்படாதீங்க. அந்தப் பக்கம் திருட்டு நடக்கறதா எங்ககிட்ட விவரமே இல்ல. இருந்தா ஆள் அனுப்பலாம்.”

கிளெனிஸ் போனை வைத்த வேகத்தில் ஜாடியில் இருந்த ஸ்பூன்கள் குதித்தன.

மறுநாள் பாலினின் கடையில்தான் அவளுக்கு உண்மை தெரிந்தது. பாலின் ரொட்டியும் தபால்தலையும் ஊர் விஷயமும் ஒரே கல்லாவில் வைத்துக் கொடுப்பவள். டெஸ் போனதைக் கேட்டதும் கையில் இருந்த பாலை அப்படியே கீழே வைத்தாள்.

“ஐயோ, உன்கிட்டயுமா!” என்றாள்.

“உன்கிட்டயுமான்னா? வேற யார்கிட்ட?”

பாலின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜனவரியில் வில்ஃப் பீவனின் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய், தொட்டியிலிருந்து மொத்தமாக உறிஞ்சப்பட்டிருக்கிறது. எண்பத்து நாலு வயது மனிதர் பதினோரு நாள் ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மேல் பண்ணையில் நாலு சக்கர பைக் போயிருக்கிறது. தேவாலயக் கூரையின் ஈயத்தகடு ஒரு மூலையில் உரிக்கப்பட்டிருக்கிறது. கோழிக்கூடு, ரம்பம், குதிரைச் சேணம்.

“யாருமே போலீசுக்குச் சொல்லலையா?”

“எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்றதுன்னுதான். வில்ஃப் சொன்னாரு, பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு.”

“திருட்டைப் பிடிக்கறதை விட்டா அவங்களுக்கு வேற என்னடி வேலை?”

“என்கிட்ட கத்தாத கிளெனிஸ். எல்லாருக்கும் அந்த வேனைத் தெரியும். நீல வேன், பின்னாடி ஒரு கதவு மட்டும் வெள்ளை. ஏதோ வேலைக்கு வர்ற பசங்கன்னு நெனச்சோம். வர்றப்பல்லாம் ஸ்டியரிங்கிலருந்து விரல் தூக்குவாங்க.”

அந்த ஊர்ச் சந்துகளில் ஒரு வண்டி போகத்தான் இடம். எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் போய் ஒதுங்க வேண்டும். வழி கிடைத்தவர் ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்ல வேண்டும். விரல் தூக்காதவனைப் பற்றி ஊர் ஒரு வாரம் பேசும். விரல் தூக்குகிறவன் திருடனாக இருப்பான் என்று நினைக்க அங்கே ஒருவருக்கும் மனம் வராது.

ஆனால் கிளெனிஸ் அதற்குள் பேச்சை நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரு கதவு மட்டும் வெள்ளை. ரொட்டியை வாங்காமலே கடையை விட்டு வெளியே வந்தாள்.

அவள் முப்பத்தொரு வருடம் அந்தப் பக்கத்துத் தபால்காரி. ஹாலோபரியில் வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். அதிலும் ஓக் காட்டேஜ் என்றே மூன்று இருக்கிறது. காரில் வழி சொல்லும் கருவியை நம்பி வருகிறவர்கள் நேரே ஓடைத் தண்ணீரில் போய் நிற்பார்கள். அதனால் யார் வந்தாலும் கிளெனிஸ் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்துவார்கள். வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் அது நிற்கவில்லை. அவளும் மாவுக் கையோடு வெளியே வந்து, எந்த வளைவில் திரும்புவது, எந்த வாசலைத் தட்டுவது என்று ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்புவாள். ‘கிளெனிஸைக் கேட்டுட்டு ஒருத்தன் வழி தப்பினதில்ல’ என்று ரே பெருமையடித்துக்கொள்வான். அவளுக்கும் அதில் ரகசியமாக ஒரு கர்வம்தான்.

நவம்பரில் அந்த நீல வேன் வந்தது. இறங்கிய இளைஞன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். பீவன் வீட்டுக்கு ஒரு பார்சல் என்றான். “அவருக்குக் காது கேக்காதுப்பா, முன்வாசலைத் தட்டி பிரயோஜனமில்ல. கொட்டகைக்குப் பின்னாடி எண்ணெய்த் தொட்டி இருக்கு பாரு, அதைச் சுத்திப் போ” என்றாள் இவள். பிறகு மேல் பண்ணைக்கு வழி கேட்டான். சொன்னாள். மழை தூறியதால் தேநீர் கொடுத்தாள், பழக் கேக்கும் ஒரு துண்டு. டெஸ் அவன் கையை நக்கியது. “நல்ல நாயா இருக்கே, வேலை தெரியுமா?” என்று கேட்டான். ஆட்டு நாய்ப் போட்டியில் அது இரண்டாவதாக வந்ததை மூச்சுவிடாமல் சொன்னவளும் இவள்தான்.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் அடுப்படியில் நடந்துகொண்டே இருந்தாள். அந்தக் கேக்குத் துண்டை நினைக்க நினைக்கத் தன் தலையிலேயே நாலு போடலாம் போல இருந்தது.

வியாழன் காலையில் ஜூலியன் ஃபாரன்ட் வந்தார். ஊர் மன்றத் தலைவர். லண்டனில் சம்பாதித்துவிட்டு இங்கே வந்து குடியேறியவர். பூட்ஸில் ஒருநாளும் சேறு இருக்காது.

“உங்க நாய் விஷயம் கேள்விப்பட்டேன் கிளெனிஸ். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா இன்னைக்கு சாயங்காலம் அதைக் கிளப்ப வேண்டாமே? இன்ஸ்பெக்டர் வர்ற நேரம். ஊர்ல மூணு வீடு விலைக்கு நிக்குது, பாதுகாப்பான ஊர்னு பேர் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே?”

“அதுல உங்க வீடும் ஒண்ணு இல்லையா?”

அவர் தொண்டையைச் செருமினார். “அதுவும் ஒண்ணுதான்.”

“அப்ப சரி. எனக்கு ஆட்டுக்குட்டி வர்றப்ப நீங்க வந்து குரைங்க” என்று கதவைச் சாத்தினாள்.

ஆறு மணிக்கு ஊர்க்கூடம் நிறைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மார்கம் என்ற அம்மாள் களைத்த முகத்தோடு எழுந்து நின்றார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல முடியாது. பாராட்டிவிட்டு, கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அடுத்ததைச் சொன்னார். குற்றமே இல்லாத ஊருக்கு வாரம் ஒருநாள் கான்ஸ்டபிள் வருவது தேவையில்லை என்று மேலிடத்தில் முடிவாகியிருக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சுற்று நிறுத்தப்படும். கூட்டம் கை தட்டியது! தங்கள் வீட்டுக் காவலைப் பிடுங்கிக்கொண்டு போகிறவருக்குக் கை தட்டுகிற கூட்டத்தை வேறு எங்காவது பார்க்க முடியுமா?

கிளெனிஸ் எழுந்தாள். ஜூலியன் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். அவள் வாரை மேஜைமேல் வைத்தாள்.

“சனிக்கிழமை என் நாயைத் திருடிட்டுப் போனாங்க. போலீஸ் அதைக் காணாமப் போன பிராணின்னு எழுதிருக்கு. ஏன்னா இந்த ஊர்ல திருட்டே கிடையாதாம். இங்க உக்காந்திருக்கற எத்தனை பேர் வீட்டுல திருட்டு போச்சு? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் தத்தம் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கேக்கைக் கடித்தவன் மெல்லாமல் அப்படியே வைத்திருந்தான்.

அவர்களைத் திட்டுவதற்கு அவளிடம் வண்டி வண்டியாகச் சொற்கள் இருந்தன. வாய் வரைக்கும் வந்தும் விட்டன. ஆனால் தன்னுடையதைச் சொல்லாமல் அடுத்தவனைச் சொல்லச் சொல்ல அவளால் முடியவில்லை. முகம் சிவக்க, மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, என்னோடதை நானே சொல்றேன். அந்த நீல வேனுக்கு வழி சொன்னது நான்தான். வில்ஃபோட எண்ணெய்த் தொட்டி எங்க இருக்குன்னு சொன்னேன். அவருக்குக் காது கேக்காதுன்னும் சொன்னேன். மேல் பண்ணைக்குக் கை காட்டினேன். டீயும் கேக்கும் குடுத்தேன். என் நாயோட பெருமையை நானே அவன்கிட்ட பேசினேன். வில்ஃப், பதினோரு நாள் நீங்க குளிர்ல கிடந்தது என்னாலதான்.”

முன்வரிசையில் காதுக் கருவியைத் திருகிக்கொண்டிருந்த வில்ஃப் மெதுவாக எழுந்தார். முழங்கால் இரண்டும் சடசடத்தன.

“என் எண்ணெய் போச்சு” என்றார் இன்ஸ்பெக்டரைப் பார்த்து. “முழுத் தொட்டி. எழுதிக்கங்க. அந்த வேன் நம்பர் வேணுமா?”

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. “உங்ககிட்ட நம்பர் இருக்கா?”

“ஒருத்தன் என் வாசல் தூணை இடிச்சிட்டுப் போனான், பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுலருந்து சந்துல வர்ற வண்டி நம்பரெல்லாம் காலண்டர்ல குறிச்சு வெச்சிருவேன். அந்த வேன் ஆறு தடவை வந்திருக்கு.”

“இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?” என்று கத்தியே விட்டாள் கிளெனிஸ்.

“யாரும் கேக்கலையே, புள்ள.”

அதன்பிறகு மேல் பண்ணைக்காரர் எழுந்தார். பிறகு சேணம் போனவர், ரம்பம் போனவர். தேவாலயத்து ஈயத்தைப் பாதிரியாரே சொன்னார். கடைசியில் பாலின் பின்வரிசையிலிருந்து சத்தமாகக் கேட்டாள்: “ஜூலியன், நீங்க உக்காந்து புல்லு வெட்டற வண்டி ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொன்னீங்களே, நாலு மாசமா எந்த ஊர்லங்க ரிப்பேர் பண்றாங்க?” கூடமே சிரித்தது. ஜூலியன் காது நுனி வரை சிவந்துபோய், “அதுவும் போச்சு” என்றார். இன்ஸ்பெக்டர் விருதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுத் தாள் கேட்டார்.

டெஸ் போன ஒன்பதாவது நாள், வில்ஃப் கொடுத்த நம்பரை வைத்துப் போலீஸ் தேடியதில், இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு கொட்டகையில் அது கிடைத்தது. கூட இன்னும் ஐந்து நாய்கள். எலும்பும் தோலுமாக வந்தது. முதல் நாள் மேஜைக்கு அடியை விட்டு வரவில்லை. இரண்டாம் நாள் கிளெனிஸ் மேட்டில் நின்று சீழ்க்கை அடித்தபோது நாற்பது ஆட்டையும் கொண்டுவந்து சேர்த்தது. அவள் பட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வெட்கமே படாமல்.

அடுத்த மாதக் குற்றப் பட்டியலில் ஹாலோபரிக்கு நேரே பதினொன்று என்று இருந்தது. கான்ஸ்டபிளின் வாரச் சுற்று நிற்கவில்லை. ஜூலியன் அவளைக் கடை வாசலில் பிடித்துக்கொண்டார்.

“ஒரே மாசத்துல ஊர் பேரையே கெடுத்துட்டீங்க கிளெனிஸ். பதினொண்ணு!”

“திருடினவன் கெடுக்கல, மறைச்சவங்க கெடுக்கல, சொன்னவதான் கெடுத்தாளா? நல்லா இருக்கே உங்க நியாயம்!” என்று சொல்லிவிட்டு, ரொட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. இருபது வயதுகூட இராத ஒரு பெண், கையில் பெட்டியும் முகத்தில் குழப்பமுமாக நின்றாள். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஓடையில் இறங்கிவிட்டு வந்திருக்கிறாள், பாவம். டெஸ் வேனைப் பார்த்ததும் வயிறு தரையில் உரசக் கிளெனிஸின் காலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

“மன்னிச்சுக்கங்கம்மா, பீவன்னு ஒருத்தர் வீட்டுக்குப் போகணும். எப்படிப் போறது? ஒரு மணி நேரமா சுத்தறேன்.”

கிளெனிஸின் கை தானாகவே மேலே எழுந்தது, தேவாலயம் இருக்கும் பக்கமாக. பாதியில் நின்றது. காலடியில் நாய் நடுங்குவது பூட்ஸ் வழியாகத் தெரிந்தது.

“தெரியாதும்மா” என்றாள்.

முப்பத்தொரு வருடத்திலும் அதற்குப் பிந்தைய ஆறிலும் யாரிடமும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அந்தப் பெண் நன்றி சொல்லி, வண்டியைத் திருப்பி, போகிறபோது ஒரு விரலைத் தூக்கினாள். கிளெனிஸ் பதிலுக்கு விரல் தூக்கவில்லை. ரொட்டிக் காகிதத்தின் ஓரத்தில் வேனின் நம்பரைக் குறித்துக்கொண்டாள். குறிக்கும்போது ஆத்திரத்தில் பென்சில் முனை உடைந்தது. வேன் மறுபடி ஓடைப் பக்கமே போனது.