குண்டடத்தில் ஏறிய சார்ஜ்

காலையில் திருப்பூர் பெட்ரோல் பங்க் வரிசையை இளக்காரமாகப் பார்த்துக் கிளம்பியவன் நான். குண்டடம் தாண்டியதும் என் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் தீர்ந்து படுத்துவிடுகிறது. சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. எதிரே ஒரு பனியன் கம்பெனி, கூரை முழுக்கச் சோலார். நின்றாலும் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறேன் என்ற மிதப்பில் சார்ஜரோடு உள்ளே போகிறேன்.

"இன்னைக்கு மாசாந்திர கரண்ட் ஷட்டவுனுங்க," என்கிறார் முதலாளியம்மா.

"இத்தனை வெயில் அடிக்குதேங்க, சோலார்?"

"லைன் போனா அதுவும் நின்னுக்குமுங்க. ஜெனரேட்டர்ல போட்டுத் தர்றனுங்க, உக்காருங்க."

வேறு வழி? டீசல் புகைக்குள் உட்கார்ந்து, மாலையில் உடுமலைக் கல்லூரியில் பேச வேண்டியதை ஒத்திகை பார்க்கிறேன். தலைப்பு 'புகையில்லாப் பயணம்'. முதல் வரியிலேயே இருமல் வருகிறது.