வடிவு கயிற்றை அவிழ்க்கும் இடம்

யேசுதாசன் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நாலு எட்டு நடக்கிறார். திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். குடையோடு படியில் நிற்கும் மனைவி அருள்செல்வி, "பூட்டு கையோட வந்திரப் போவுது, வாங்க" என்கிறார். அவர் வருகிறார். வந்த பிறகும் கழுத்து மட்டும் கதவுப் பக்கமே திரும்பியிருக்கிறது.

திருடன் வந்தால் ஏமாந்துதான் போவான், அப்படியொரு வீடு. "களவுக்குப் பயந்து இல்ல சேர்" என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். "வேல எடத்துல நின்னுக்கிட்டு, பூட்டுனேனா பூட்டலியான்னு யோசிக்க ஏலாது. யோசனையில அடுப்புக்குள்ள கைய விட்டுருவேன்."

வேலை செய்யும் இடம் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்தார் அதை ஸ்டோர் என்பார்கள். கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடு கொடுக்கும் பெரிய அடுப்பில் விறகு போடுகிறவர் யேசுதாசன். ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவர்போல எப்போதும் தலையைச் சற்றுச் சாய்த்து வைத்திருப்பார். நான் அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். றக்வானையிலிருந்து பஸ் மூச்சு வாங்கி ஏறும் வளைவுகளுக்கெல்லாம் மேலே இருக்கிறது எங்கள் இடம். முன்பு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசி வீடு அவருடையது. இப்போது, ஆட்கள் குறைந்து மூடப்பட்ட பழைய பிள்ளைக் காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், தற்காலிகமாக இருக்கிறார்கள். ஏன் இடம் மாறினார்கள் என்பதற்குத்தான் வருகிறேன்.

பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் வேண்டியதில்லை. கொடகவெலவில் தையல் வேலைக்குப் போகும் மகள் அனோஜாவுக்குக் காலையில் ஒரு அழைப்பு: "பஸ்ல ஏறிட்டியா?" பிறகு இன்னொன்று: "எறங்கிட்டியா?" அவள் எடுக்காவிட்டால், பஸ் எந்த வளைவில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதுவரை அவர் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவார். ஒரு காலத்தில் வீட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று வாங்கினார். பாதி படிப்பதற்குள் அதிலிருந்த அத்தனை நோயும் அவருக்கு வந்துவிட்டது. தாங்க முடியாமல் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அஸீஸ் நானாவிடம் கொடுத்துவிட்டார். நானா வாசிக்கவில்லை, பக்கம் பக்கமாகக் கிழித்து வடை சுற்றிக் கொடுத்தார். எனக்கு ஒருமுறை மஞ்சள் காமாலையில் வடை வந்தது.

மண்சரிவு ஆராய்கிற அலுவலர்கள் மழை அளக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, இதைப் பொறுப்பாகப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, லயமே சேர்ந்து அவர் பெயரைச் சொன்னது. பாதி கேலி, பாதி நம்பிக்கை. தூறல் விழுந்தாலே போய்க் குனிந்து நிற்பார். இரண்டு தடவை அவசரப்பட்டு எல்லாரையும் கீழே இறக்கியிருக்கிறார். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்நாள் முழுவதும் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு நாவல்.

இளவட்டத்தில் ஏதோ அலுவலாக இரத்தினபுரிக்குப் போனவர், திரும்பும்போது பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் குவியலில் அதை எடுத்திருக்கிறார். கதைக்காக எடுக்கவில்லை. மலைப்பாதையில் ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தைப் பார்த்தால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். கண்ணை வைத்திருக்க ஏதாவது வேண்டியிருந்தது.

"அன்னைக்கு பஸ் எந்த வளைவுல திரும்புனுச்சுன்னே தெரியல சேர். எனக்குப் பயப்பட நேரமில்ல. அவளுக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

'அவள்' என்பது வடிவு. உப்பளக் கரையோரம் நடக்கும் கதை. சங்கிலி என்ற உப்பளத் தொழிலாளியின் மனைவி, வாய்த்துடுக்கும் இரக்கமும் ஒன்றாகச் சேர்ந்தவள். புயலடிக்கும் ஒரு நாள் பக்கத்துக் குடிசைப் பெண்ணுக்கு வலி எடுத்துவிடுகிறது. ஆண்கள் யாருமில்லை. அக்கரையிலிருந்து மருத்துவச்சியைக் கூட்டிவர வடிவு தனியாகத் தோணியை எடுக்கிறாள். முளையில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்கிறாள். பிறகு தோணி மட்டும்தான் கரைக்கு வருகிறது.

எத்தனை தடவை படித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. "ஒவ்வொரு தடவையும் நெனப்பேன் சேர், இந்தத் தடவ அந்த முடிச்சு எறுகிப்போயி, அவுக்க முடியாம அவ நின்னுரக் கூடாதான்னு. எழுதுனது எழுதுனதுதான், எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பக்கம் வந்தாலே கை வேர்க்குது." உண்மைதான். நான் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு தாளின் ஓரம் மட்டும் மற்றத் தாள்களைவிடக் கறுத்து, துணிபோல் மெலிந்திருந்தது.

அந்த நாவலின் மனிதர்கள் அவர் பேச்சில் சொந்தக்காரர்களாக வந்துபோவார்கள். "புதுசா வந்திருக்கிற கணக்கப்பிள்ள நம்ம சங்கிலி மாதிரி. கோவம் வந்தா பேச மாட்டாரு, அதுதான் பயம்" என்பார். நாவலைப் படிக்காத அடுப்படி ஆட்களும் தலையாட்டுவார்கள்.

அருள்செல்வியும் படித்ததில்லை. அவர் பிறந்த தோட்டத்துக்கு அருகில் இருந்தது சிங்களப் பாடசாலை மட்டும். சிங்களப் பத்திரிகையைக் கடகடவென்று வாசித்துவிடுவார், தமிழ் எழுத்து பிடிபடாது. அதனால் மழை நாட்களில் யேசுதாசன்தான் நாவலை அவருக்கு வாசித்துக் காட்டுவார். வடிவு கயிற்றை அவிழ்க்கும் இடம் வந்ததும் மூடிவிடுவார். அடுத்த தடவை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

"எழுதுனவரு அம்புட்டுத்தான் எழுதிருக்காரா?" என்று செல்வி ஒருநாள் என்னிடமே கேட்டார். "போனவ வந்தாளா இல்லியான்னு சொல்லத் தெரியாதா அந்தாளுக்கு?"

யேசுதாசன் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

கடந்த மழைக்காலத்தில் வானம் நாள்கணக்கில் விடவேயில்லை. அவர் வீட்டுக் கதவோரம் ஆணியில் ஒரு நீலப் பை எப்போதும் தொங்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், டோர்ச், மாத்திரை, ஜெபமாலை, நாவல் எல்லாம் அதற்குள். ஓட வேண்டி வந்தால் ஒரே கையால் எடுக்கலாம். அந்த மழையில் ஒருநாள் காலை பையைத் தொட்டுப் பார்த்தவர் ஈரம் கண்டிருப்பதை உணர்ந்து, நாவலை மட்டும் எடுத்துக் குசினி அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில் வைத்தார். பிறகு மழைக் குழாயைப் பார்க்கப் போனார். தண்ணீர், ஆபத்து என்று குறித்திருந்த சிவப்புக் கோட்டுக்கு மேலே நின்றது. லயத்துக்குப் பின்னால், முந்திய நாள் இல்லாத ஒரு வெடிப்பு மண்ணில் ஓடியிருந்தது.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினார். "மறுபடியுமா?" என்று எரிந்து விழுந்தவர்களும் வெடிப்பைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். நான் பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிட்டேன். பகல் ஏறுவதற்குள் லயம் முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. அஸீஸ் நானா கடையைப் பூட்டிவிட்டு, இருந்த பாண் ரொட்டியையெல்லாம் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்.

எல்லாரும் வந்துவிட்டார்களா என்று மூன்று நான்கு தரம் தலைகளை எண்ணி, கொடகவெலவில் நின்றுவிட்ட அனோஜாவோடும் பேசிய பிறகுதான் யேசுதாசன் உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்த நீலப் பையைத் திறந்தார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். மூடினார். சற்று நேரத்தில் மறுபடி திறந்தார். பைக்குள் அவர் கை திரும்பத் திரும்பப் போய்வருவதைச் செல்வி எதிர்ச் சுவரோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தேநீர் ஊற்றும்போது செல்வியைக் காணோம்.

"செல்வி எங்க?" முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். மண்டபத்தின் அந்தக் கோடிவரை போய் வந்தார். குரல் மாறியது. "செல்வியப் பார்த்தீங்களா?"

கைக்குழந்தையோடு இருந்த பக்கத்து வீட்டு அனிற்றா எழுந்தாள். "மாமா... கோழிக்கூட்டத் தொறந்துவிட்டுட்டு வாறேன்னு மேல போனாங்க. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

"எங்களுக்கு ஏது கோழி?" என்றார் யேசுதாசன்.

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது: பரணில் விட்டு வந்த நாவல். குடை எடுக்கவில்லை, செருப்புப் போடவில்லை. மழைக்குள் இறங்கி மேல்ரோட்டில் ஓடினார். நானும் அஸீஸ் நானாவும் பின்னால் ஓடினோம். இரண்டாவது வளைவு வரைக்கும்தான் ரோடு இருந்தது. அதற்கு அப்பால் செம்மண், பாறை, வேரோடு நகர்ந்து வந்து நேராகவே நின்ற தேயிலைச் செடிகள். மேலே எங்கோ மலைக்குள்ளிருந்து, பாரமான மேசையைச் சீமெந்துத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்து நின்றது. மறுபடி வந்தது.

"செல்வி!" என்று கத்தினார். மழை அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. சேற்றில் கால் வைத்தவரை நானா இடுப்போடு பிடித்து இழுத்தார். முழங்கால்வரை புதைந்த காலை உருவி எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

ரோட்டோரக் கல்லில் அவரை உட்காரவைத்தோம்.

"வடிவு திரும்பி வர மாட்டா நானா" என்றார். "செல்விக்கு அது தெரியாது. நான் சொல்லவேயில்ல. தோணி மட்டுந்தான் வரும். இம்புட்டு வருசமா நான் அவகிட்ட சொல்லவேயில்ல. சொல்லியிருந்தா அவ போயிருக்க மாட்டா."

"யாரு வடிவு?" என்று நானா என்னைப் பார்த்தார்.

"கதையில வாற பொம்பள" என்றேன்.

நானா அவர் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "யேசு, இங்க பாருங்க. அது கடதாசியில இரிக்கிற பொம்பள. இது ஒங்கட பொம்பள. இவங்களுக்கு இந்த மலை தெரியும். ரெண்டையும் ஒண்டாக்காதீங்க."

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து கேட்டபோது, அந்தப் பக்கத்து வரிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று, முளை, முடிச்சு. நிறுத்தச் சொன்னேன். "நிறுத்த ஏலாது சேர். அதுவா வருது" என்றார். அழுதார். ஒரு புத்தகம் ஒரு மனிதனோடு வாழ்நாளெல்லாம் இருப்பது வரம் என்றுதான் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கல்லருகே நின்றபோது அந்த நாவலைத் தூக்கிப் பள்ளத்தில் எறிய வேண்டும்போல் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. நானாவின் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அனிற்றா. நானா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஆ? எங்கால? ஆ..." முகம் விரிந்தது. "யேசு! வந்துட்டாங்களாம்! ஓடைப் பக்கத்தால, ஸ்கூலுக்குப் பின்னால வந்து ஏறியிரிக்காங்க!"

இறங்கும்போது யேசுதாசன் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். இரண்டு இடத்திலும் நாங்கள் தூக்குவதற்குள் எழுந்து ஓடினார்.

மண்டபத்தின் பின்படியில் செல்வி உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை சேறு. ரோடு போய்விட்டதைக் கண்டு, தேயிலைக்குள் புகுந்து ஓடையோரமாகச் சுற்றி வந்திருக்கிறார். யாரோ போட்ட துவாய் தோளில் கிடந்தது. மடியில் அரிசிப் பைக்குள் சுருட்டிய ஒரு பொட்டலம்.

"எதுக்குங்க மேல ஓடுனீங்க?" என்று அவர்தான் முதலில் திட்டினார். "மண்ணு எறங்குதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள், லயம் எப்படி இருக்கிறது என்று.

"எங்க வீட்டுச் சொவரு நிக்கிது. குசினி இல்ல." செல்வி சேற்றுக் கையால் முடியை ஒதுக்கினார். "நான் இத எடுத்துக்கிட்டு முன்வாசல்ல எறங்குறேன், பின்னால சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்க்கல."

பொட்டலத்தைக் கணவனிடம் நீட்டினார். "இந்தாங்க. இது இல்லாட்டி நீங்க தூங்க மாட்டீங்க. நீங்க தூங்காட்டி பக்கத்துல நானுந்தான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கணும்."

அவர் அதை வாங்கவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து அஸீஸ் நானா வாங்கிக்கொண்டார்.

யேசுதாசன் செல்வியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைக்குள்ளால் வந்த கால்கள். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை இரத்தம் குடித்துப் பருத்த அட்டைகள் தொங்கின. தன் காலில் ஒன்று ஏறினாலே சவர்க்காரம் கொண்டுவரச் சொல்லிக் கத்துகிற மனிதர், அத்தனை பேர் பார்க்க, செல்வியின் முன்னால் சேற்றில் குந்தினார். ஒரு பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்தார். வெறும் விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மழைக்குள் எறியத் தொடங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும், இரத்தம் கசியும் இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தி, அது நிற்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்.