பல் இல்லாத ராஜா

கல்யாணமாகி நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்த முதல் வாரமே என் வீட்டுக்காரர் தம் சொத்து முழுவதையும் எனக்குக் காட்டிவிட்டார்: தபால் தலை ஆல்பங்கள், ஒரு இடுக்கி, புள்ளி வரிசைகள் அச்சிட்ட ஒரு அட்டை. தலையைக் கிழித்தெடுக்கத் துளை போட்டதில் ஓரத்தில் நிற்கும் பற்களை அந்தப் புள்ளிகளோடு பொருத்தினால், இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை பல் என்று தெரிந்துவிடும். படமும் நிறமும் ஒன்றாக இருந்தாலும், பல் கூடக்குறைய இருந்தால் அது வேறு தலையாம். நான் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் அளக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. யுத்த காலம். ரேஷன் அரிசிக்கு நின்றுவிட்டு வந்து தபால் தலை ராஜாவின் பல்லை எண்ணுவேன். வேறு யாருக்கு இந்தப் பாக்கியம் வாய்க்கும்?

அவர் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸின் ஹெட் கிளார்க்குக்கும் இதே வியாதி. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவர், நற்கருணையை எடுப்பதுபோல் சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். உள்ளே ராஜா முகம் போட்ட சிலோன் தலை. நாலு பக்கமும் பல்லே இல்லை. அச்சாபீஸில் துளை போட மறந்த தாளிலிருந்து வந்ததாம். உலகத்திலேயே நாலைந்துதான் இருக்கும் என்றார். உலகத்தை எப்போது எண்ணிமுடித்தார் என்று கேட்காமல் காபி போட்டேன்.

அதைக் கொடுத்துவிட்டு, என் மாமனார் பொக்கிஷமாக விட்டுப்போன பழைய ராணி தலையை வாங்கிக்கொள்ள அண்ணாச்சி பெருந்தன்மையோடு சம்மதித்திருந்தார். என் வீட்டுக்காரர் பல்லில்லாத தலையைப் பல் அளக்கும் அட்டையில் வைத்து அளந்தார். பக்தி முற்றினால் அப்படித்தான். பிறகு ராணியை எடுக்க இடுக்கியை நீட்டினார்.

எங்கள் ஆல்பத்திலிருந்த அதே ராஜாவை, பல்லுள்ள சாதாரண ராஜாவை, நான் எடுத்து அதன்மேல் வைத்தேன். துளையில்லாத தாளிலிருந்து நறுக்கும்போது ஓரம் தாராளமாக விடுவார்கள். இது பெரிதாக இருந்திருக்க வேண்டும். எங்கள் ராஜாவோ நாலு பக்கமும் இதை மூடிவிட்டார்.

"அண்ணாச்சி, இதுக்குப் பல் முளைக்காம இல்ல. முளைச்சதை யாரோ கத்திரிச்சிருக்காங்க" என்றேன்.

அவர் பதறவில்லை. உப்புக்காற்றில் தாள் சுருங்கும் என்று விளக்கினார். என் வீட்டுக்காரரும், இந்த ஊர்க் காற்று பொல்லாதது என்று ஒத்து ஊதினார். ஆனால் ஊதிக்கொண்டே ஆல்பத்தை மூடிவிட்டார். அதே காற்று எங்கள் ராஜாவை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது. காபி பாதியில் நின்றது.

அவர் தெருமுனை திரும்பியதும் இவர் சொன்னார்: "ஏளா, அவரு எனக்கு மேலதிகாரில்லா. ரெண்டு மில்லிமீட்டர் விட்டுக் குடுத்தா என்ன?"

கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி அந்தத் தலையை வெள்ளைக்கார மேனேஜருக்குப் பரிசாகக் கொடுத்தார். துரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அண்ணாச்சியின் நாற்காலி மின்விசிறிக்கு அடியில் போனது. உண்மையைக் காத்த எங்களுக்கும் வெகுமதி உண்டு: என் வீட்டுக்காரரைத் தோணித்துறைக்கு மாற்றினார்கள், வெயிலில் நின்று மூட்டை சரிபார்க்க.

கருத்துப்போய் வீட்டுக்கு வருவார். முகம் கழுவியதும் ராணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒருநாள், "நல்லவேளை, நீ இங்கனயே இருக்க" என்றார். என்னிடம் அல்ல, ராணியிடம்.