ரசத்தோடு எழுந்துவிட்ட பந்தி

அன்று ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்டனாக இருந்த என் அகத்துக்காரர். சமையல் கிருஷ்ணய்யங்கார். மரக்கறி மெஸ் பையன்கள் பன்னிரண்டு பேர், மாமிச மெஸ் பையன்கள் பன்னிரண்டு பேர். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நான். வேறு யாரும் இல்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை. நெய்யில் பொரிந்த மிளகு வாசனை கூடம் முழுக்க நின்றது...

கல்யாணமாகி, ஸ்ரீரங்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி ஹாஸ்டல் வளவு வீட்டுக்கு நான் குடிபோன புதிது. அங்கே இரண்டு மெஸ். மரக்கறி மெஸ்ஸில் பிராமணப் பையன்களுக்கு மட்டும்தான் இடம். மற்ற எல்லோருக்கும் மாமிச மெஸ்.

மரக்கறிப் பையன்களுக்கு அவர்கள் சாப்பாடு பிடிக்காது. "இன்னிக்கும் பூசணிக்காயா?" என்று முகம் சுளிக்காத நாள் கிடையாது. மாமிச மெஸ் பையன்கள் எங்கள் பக்கம் வந்தால், "என்ன சாமி, இன்னிக்கு என்ன தழை?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் தங்கராசு. துவாக்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். சின்ன வயதில் அவனுக்கு அம்மை வார்த்தபோது, பிழைத்தால் இவன் வாயில் மாமிசமே படாது என்று அவன் தாய் சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டாளாம். அதை அவன் விடாமல் காத்து வந்தான். ஆனால் சேர்ந்திருந்தது மாமிச மெஸ். அங்கே மீன் குழம்பில் போட்ட கரண்டியையே சாம்பாரிலும் போடுவார்கள். அதனால் வெறும் சோற்றையும், கடைத்தெருவில் வாங்கிய மோரையும் சாப்பிட்டுக்கொண்டு துரும்பாகிவிட்டான்.

ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றான். "சார், படிப்பை விட்டுட்டு ஊருக்கே போயிடறேன் சார். ஆத்தா வாக்கை மீற முடியாது" என்றான்.

இவர் பிரின்ஸிபாலிடம் போய்ப் பேசினார். "ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு மெஸ் பையன்களும் சேர்ந்து சாப்பிடட்டும். தகராறு இல்லாமல் முடிந்தால் அந்தப் பையனை மரக்கறி மெஸ்ஸில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று பிரின்ஸிபால் சொல்லிவிட்டார். அதற்குத்தான் அந்தச் சனிக்கிழமை. புரட்டாசிச் சனியில் மாமிச மெஸ்ஸிலும் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள்.

எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் ஆள் நடக்க இடம். இந்தப் பக்கம் மரக்கறிப் பையன்கள், அந்தப் பக்கம் மாமிச மெஸ் பையன்கள். அந்த வரிசையில் ஓரத்து இலையில் தங்கராசு.

"என்னடா தங்கராசு, இன்னிக்கு ஒனக்குத் தீவாளியா?" என்று கேட்டான் மாணிக்கம். அந்த மெஸ்ஸுக்கு அவன்தான் தலைவன் மாதிரி. தங்கராசு தலை நிமிராமல் சாப்பிட்டான். கிருஷ்ணய்யங்கார் அவனுக்கு மூன்றாம் தடவை சாதம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வெங்காயம் இல்லாத சாம்பாரை யாரும் குறை சொல்லவில்லை. ரசம் ஆயிற்று. நான் தயிர்ப் பானையை எடுக்கத் திரும்பினேன்...

அதற்குள் மாணிக்கம் இலையை மடித்துவிட்டு எழுந்தான். அவன் எழுந்ததும் அந்த வரிசையே எழுந்தது, தங்கராசு ஒருவனைத் தவிர.

எங்கள் வழக்கத்தில், பந்தியில் ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவர் அதற்குமேல் ஒரு பருக்கை தொடக் கூடாது. எதிர் வரிசையில் சௌந்தரராஜன் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"பாத்தேளா சார்! வேணும்னே பாதியில எழுந்துண்டு எங்க சாப்பாட்டையும் கெடுத்துட்டான்!"

மாணிக்கம் திகைத்துப் போனான். "என்ன சாமி கெடுத்தேன்? ரசம் ஊத்தியாச்சில்ல? எங்க மெஸ்ஸுல ரசத்தோட முடிஞ்சுரும். மீன் தின்னுட்டு மோர் குடிச்சா ஒடம்புக்கு ஆவாது."

"இங்க ஏதுடா மீன்?"

"பழக்கம் சாமி! ஜங்ஷன் ஓட்டல்ல நீங்க ஆம்லெட் சாப்பிட்டப்போ நான் ஏதாச்சும் கேட்டேனா?"

தங்கராசு இலைமுன் உட்கார்ந்தபடியே இவரைப் பார்த்தான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் நான் பேசினதில்லை. அன்று பேசினேன். "தயிர் பானையோட இருக்கு. திருக்கண்ணமுதும் இருக்கு. எழுந்த இலையில மறுபடி உக்காரக் கூடாது, அவ்வளவுதானே? கிருஷ்ணய்யங்கார், புது இலை போடுங்கோ. எல்லாரும் கையலம்பிண்டு வாங்கோ."

திருக்கண்ணமுது என்றால் பாயசம் என்று யாரோ விளக்கியிருக்க வேண்டும். ஏனென்றால் மாணிக்கம்தான் முதலில் ஓடி வந்தான். பசியும் அவசரமுமாகக் கிடைத்த இலையில் ஆளுக்கு ஆள் உட்கார்ந்தார்கள். எந்த வரிசை யாருடையது என்று பார்க்கவில்லை. சௌந்தரராஜனுக்குப் பக்கத்தில் மாணிக்கம். "இவ்ளோ தயிரா சாமி? தினம் இப்படித்தானா?" "தினம் மோர்தான் ஓய், அதுவும் தண்ணி."

தகராறு வந்ததா என்று பிரின்ஸிபால் கேட்டாராம். "ஒரு தடவைக்கு இரண்டு தடவை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்" என்றாராம் இவர். திங்கட்கிழமையிலிருந்து தங்கராசு மரக்கறி மெஸ்ஸில். அன்றைய என் கணக்கில் மட்டும் இலை இரட்டிப்பு.

இப்போது ரேஷன் வந்தபிறகு இரண்டு அடுப்பு கட்டுபடியாகாது என்று ஒரே கூடமாக்கிவிட்டார்கள். பக்கத்து இலை யாருடையது என்று எந்தப் பையனும் கேட்பதில்லை. வெங்காய சாம்பார் ஏன் இல்லை என்றுதான் கேட்கிறார்கள். பூசணிக்காய்க்கு முகம் சுளிப்பது மட்டும் மாறவில்லை.

தங்கராசு துவாக்குடியில் வாத்தியாராக இருக்கிறான். போன வாரம் மனைவியோடு வந்து, வரும் புரட்டாசிச் சனிக்கிழமை தன் வீட்டில் சாப்பிட வர வேண்டும் என்று கூப்பிட்டான். "தனி அடுப்பு, புதுப் பாத்திரம் எல்லாம் வாங்கி வெச்சிருக்கேம்மா. ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது" என்றான்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் தோழிகள் உங்களுக்குத் தெரியும், நான் இன்றுவரை வெளியில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பையன்களை ஒரே பந்தியில் உட்கார வைத்தபோது நான் நிலைப்படிக்கு உள்ளேதான் நின்றேன். இரண்டு நாள் பெருமாள் முன்னால் உட்கார்ந்து யோசித்துவிட்டு, வருகிறேன், தனி அடுப்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

துணைக்கு உங்களில் யார் வருகிறீர்கள்? அவன் மனைவிக்கு எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். புதன்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.